யோயோவும் கொழுந்துத் தராசும்

மாத்தளை மாவட்டத்து எல்கடுவையிலிருந்து மாணவர் ஒருவர் நமக்குக் கடிதம் ஒன்று வரைந்திருக்கின்றார். பௌதிகம் பயில்பவர் என்பது அவர் கையாளும் சொற்களிலிருந்தே புலனாகின்றது. அவருடைய வீட்டிலே ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கின்றதாம். வாதி அண்ணன், பிரதிவாதி தம்பி, வழக்குப் பொருளோ திருவிழாக் கடையிலே வாங்கிய ஒரு யோயோ. "யோயோ இறங்கும்போது நூலின் இழுவை அதன் நிறையிலும் குறைவாக இருக்கும், அதனாலேதான் அது இறங்குகின்றது. அப்படியானால் ஏறும்போது நூல் நிறையைவிடக் கூடுதலாக இழுக்கத்தானே வேண்டும்? ஆனால் என் தம்பி, ஏறும்போது விரலில் கனமே தெரியவில்லை என்று சாதிக்கின்றான். தீர்ப்புக் கூறுவீர்களா?" என்று கேட்கின்றார் அண்ணன்.

தீர்ப்பை முதலிலேயே கூறிவிடுகின்றோம். வெற்றி தம்பிக்கே. யோயோ இறங்கும்போதும் சரி, ஏறும்போதும் சரி, நூலின் இழுவை அதன் நிறையிலும் சற்றுக் குறைவாகவே இருக்கின்றது. புத்தகத்தை நம்பிய அண்ணனைவிட விரலை நம்பிய தம்பி உண்மைக்கு அண்மையில் நிற்கின்றான்.

தீர்ப்பு எளிது, அதற்கான காரணத்தைக் கூறுவதுதான் சற்று நீளும். எனினும், கண்டியிலிருந்து வத்தேகம வழியாக மலையேறி, நக்கிள்ஸ் தொடரின் மேற்குப் புறத்தே, தேயிலை மலைகளுக்கு நடுவே அமைந்துள்ள எல்கடுவ போன்றதோர் ஊரிலே இந்த விடயம் விளையாட்டோடு முடிந்துவிடுவதில்லை. அங்கே கொழுந்து மடுவத்தில் தொங்கும் தராசுக்கும் இந்த யோயோ நூலுக்கும் நெருங்கிய உறவு உண்டு. ஆதலால் நேயர்கள் சற்றுப் பொறுமையோடு நம்முடன் வரவேண்டுகின்றோம்.

யோயோ புதிய விளையாட்டன்று. பெர்லின் நகரத்துத் தொல்பொருட்சாலையிலே உள்ள கிரேக்கக் கிண்ணம் ஒன்றில், சிறுவன் ஒருவன் நூலிற் கட்டிய வட்டைத் தொங்கவிட்டு ஆடும் சித்திரம் காணப்படுகின்றது. அக்கிண்ணம் ஏறக்குறைய கி. மு. 440ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இக்காலத்து யோயோவைப் பட்டிதொட்டியெங்கும் பரப்பிய பெருமை பிலிப்பைன்ஸ் தீவிலிருந்து அமெரிக்கா சென்ற பேதுரோ புளோரெஸ் என்பவரைச் சாரும். அவர் 1928ஆம் ஆண்டிலே கலிபோர்னியாவில் யோயோ செய்யும் தொழிலைத் தொடங்கினார். பின்னர் டங்கன் என்னும் வணிகர் அத்தொழிலை வாங்கிப் பெருக்கினார். "யோயோ" என்ற பெயர் தமக்கே உரியதென்று டங்கன் கம்பனியார் நெடுங்காலம் வாதாடினர். அது யாவர்க்கும் பொதுவான சொல் ஆகிவிட்டதென்று 1965இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்த்தது. வழக்கு என்றால் யோயோவுக்குப் புதிதன்று போலும்!

இனி விசைகளைக் கவனிப்போம். தொங்கும் யோயோவின் மீது தொழிற்படும் விசைகள் இரண்டே. ஒன்று, பூமி அதனைக் கீழ்நோக்கி இழுக்கும் நிறை. இது வட்டின் நடுமையத்தினூடாகச் செல்கின்றது. மற்றொன்று, நூல் மேல்நோக்கி இழுக்கும் இழுவை. இந்த இழுவை நடுமையத்தினூடாகச் செல்வதில்லை. அச்சின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு செல்கின்றது. எதிரெதிரான இரு விசைகள் ஒரே கோட்டில் அமையாது சற்று விலகி நிற்குமானால், அவை பொருளைத் திருப்பும். தண்ணீர்க் குழாயின் திருகைத் திறக்கும்போது நம் பெருவிரலும் சுட்டுவிரலும் செய்வது இதுவே. இத்திருப்பும் ஆற்றலை முறுக்கம் என்பர். யோயோவின் அச்சு மிக ஒல்லியானது. ஆதலால் முறுக்கமும் சிறியது. சுழற்றப்பட வேண்டிய வட்டோ அகலமானது. சிறு கை பெரிய திரிகையைச் சுற்றுவது போன்ற நிலை. அதனால் சுழற்சி மெல்ல மெல்லவே வேகம் பெறுகின்றது. ஒரு சுற்றுச் சுழன்றால்தான் ஒரு சுற்று நூல் அவிழும் என்ற கட்டுப்பாடு இருப்பதால், இறக்கமும் மெதுவாகவே நிகழ்கின்றது.

எவ்வளவு மெதுவாக என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். வட்டின் ஆரை 28 மில்லிமீற்றர், அச்சின் ஆரை 4 மில்லிமீற்றர், திணிவு 60 கிராம் எனக் கொள்வோம். ஒரே சீரான தட்டு என்று வைத்துக்கொண்டால், அதன் கீழ்நோக்கிய ஆர்முடுகல் தடையின்றி விழும் கல்லின் ஆர்முடுகலில் இருபத்தைந்தரையில் ஒரு பங்கு மாத்திரமே. கல்லொன்று 75 சென்றிமீற்றர் தூரத்தை ஏறக்குறைய 0.4 செக்கனில் விழுந்து கடக்கும். அதே தூரத்தை இறங்க இந்த யோயோவுக்கு 2 செக்கன் செல்லும். உண்மையில் தொடக்கத்திலே அச்சின்மேல் நூல் சுற்றியிருப்பதால் அச்சுத் தடித்தும், போகப்போக மெலிந்தும் வருகின்றது. ஆகவே யோயோ முதலிற் சற்று விரைந்து, பின்னர் இதனினும் தயங்கி இறங்கும். நம் கணக்குக்கு அந்த நுட்பம் வேண்டியதில்லை.

விழுதலை இவ்வாறு நிதானப்படுத்திப் பார்க்கும் உபாயத்தை முதலில் மேற்கொண்ட பேரறிஞர் கலிலியோ. அவர் காலத்திலே செக்கனைத் துல்லியமாக அளக்கும் கடிகாரம் இல்லை. விழும் பொருளைக் கண் தொடர முடியாது. ஆதலால் சாய்ந்த பலகையிலே குண்டுகளை உருளவிட்டு, புவியீர்ப்பைத் தண்ணீர் கலந்த பால்போல் ஐதாக்கி, வீழ்ச்சியின் விதியைக் கண்டறிந்தார். அவ்விதியை விளக்கும் நூல் 1638ஆம் ஆண்டு வெளிவந்தது. சாய்ந்த பலகை செய்த வேலையை யோயோ நேர்குத்தாகத் தொங்கிக்கொண்டே செய்கின்றது. கல்லூரிப் பரிசோதனைச் சாலைகளிலே மக்ஸ்வெல் சக்கரம் என்று ஒரு கருவி உண்டு. இரு நூல்களிலே தொங்கும் கனத்த சக்கரம் அது. சீமான் வீட்டு யோயோ என்று அதனைக் கூறலாம்.

கல் விழும்போது இழக்கும் அழுத்த சக்தி முழுவதும் அதன் ஓட்டத்திலே சேர்கின்றது. யோயோ இழக்கும் சக்தி எங்கே போயிற்று? அதன் கீழ்நோக்கிய வேகமோ அற்பம். அடியை அடையும்போது செக்கனுக்கு முக்கால் மீற்றர் அளவுதான். மீதி யாவும் சுழற்சியிலே ஒளிந்திருக்கின்றது. நாம் எடுத்துக்கொண்ட யோயோ அடிக்கு வரும்போது செக்கனுக்கு ஏறக்குறைய 30 சுற்றுகள் சுழலும். நிமிடத்துக்கு 1800 சுற்று! அதன் சக்தியில் நூற்றுக்கு 96 பங்கு சுழற்சியிலும், 4 பங்கு மாத்திரமே இறக்கத்திலும் இருக்கும். வட்டின் திணிவை நடுவிலிருந்து விலக்கி விளிம்பிலே குவித்தால் இப்பங்கு இன்னும் உயரும். நல்ல யோயோக்களின் விளிம்பு தடித்திருப்பதன் காரணம் இதுவே. பழைய தேயிலைத் தொழிற்சாலைகளிலே எஞ்சினோடு சுழன்ற பாரச் சக்கரத்தைக் கண்ட முதியோர் இன்னும் உளர். அதன் ஆரைக்கால்கள் மெலிந்தும் வட்டம் கனத்தும் இருந்தமைக்கும் இதே காரணந்தான்.

அடியிலே என்ன நிகழ்கின்றது? நூல் முழுவதும் அவிழ்ந்துவிட்டது. ஆனால் சுழற்சியை நிறுத்த எவரும் இல்லை. சக்கரம் தான் சுழன்ற திசையிலேயே சுழன்றுகொண்டிருக்கின்றது. நூல் அச்சின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாவுகின்றது, அவ்வளவுதான். அதுவரை நூலை அவிழ்த்த அதே சுழற்சி இப்போது நூலைச் சுற்றத் தொடங்குகின்றது. சுற்றச் சுற்ற வட்டு மேலேறுகின்றது. ஏறும்போது யோயோ எதிர்த் திசையிலே சுழல்வதாகப் பலர் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். வட்டின் ஒரு முகத்திலே வெள்ளைப் புள்ளி ஒன்றிட்டு உற்றுப் பாருங்கள். சுழற்சியின் திசை மாறுவதேயில்லை.

இங்கேதான் அண்ணன் இடறிய கல் கிடக்கின்றது. மேலே போகும் பொருளை ஏதோ ஒரு விசை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டேயிருக்க வேண்டும் என்பது மனித குலத்தின் மிகப் பழைய எண்ணம். அரிஸ்டோட்டலுக்கும் அவ்வெண்ணம் இருந்தது. நியூட்டன் தமது பெருநூலை 1687இல் வெளியிட்டு அதனை ஒழித்துக்கட்டினார். ஆனால் அது நம் உள்ளங்களிலிருந்து இன்னும் முற்றாக ஒழிந்தபாடில்லை. விசை தீர்மானிப்பது போகும் திசையை அன்று. வேகம் கூடுகின்றதா, குறைகின்றதா என்பதையே. மேலே எறிந்த பந்து ஏறிக்கொண்டிருக்கும்போது அதன்மேல் உள்ள விசை கீழ்நோக்கியே இருக்கின்றது. ஆகவே அது வேகம் குறைந்து ஏறுகின்றது. யோயோவும் அவ்வாறே. அடியிலே அதற்கு வேகம் அதிகம். மேலே விரலை நெருங்கும்போது வேகம் இல்லை. வேகம் குறைந்துகொண்டே ஏறுகின்றதென்றால், மொத்த விசை கீழ்நோக்கியே இருத்தல் வேண்டும். மொத்த விசை கீழ்நோக்கி இருப்பின், நிறை பெரிது, இழுவை சிறிது. இறக்கத்திலே 60 கிராம் யோயோவை நூல் 57½ கிராமுக்குரிய விசையோடு இழுக்கின்றது. ஏற்றத்திலும் அதே 57½ தான்.

"அப்படியாயின் இந்தக் குறைவை யார் ஈடுசெய்கின்றார்கள்? கீழே போய்க்கொண்டிருந்ததை மேலே திருப்பியது எது?" என்று நேயர்கள் கேட்பது நியாயமே. திருப்பியது அந்த ஒரு கணத்து உதறல். நூல் பக்கம் மாறும் அந்த அரைச் சுற்றுக்கு எடுக்கும் நேரம் ஒரு செக்கனில் அறுபதில் ஒரு பங்கு. அதற்குள் செக்கனுக்கு முக்கால் மீற்றர் இறங்கிக்கொண்டிருந்த வட்டு, முக்கால் மீற்றர் ஏறத் தொடங்கிவிட வேண்டும். அதற்கு நூல், சராசரியாக யோயோவின் நிறையைப்போற் பத்து மடங்கு விசையோடு இழுக்கின்றது. விரலிலே "சுண்டி" விடுவதுபோல் உணர்கின்றோமே, அதுதான் இது. 60 கிராம் பொருள் அக்கணத்தில் 600 கிராமாகக் கனக்கின்றது.

இப்போது கணக்கப்பிள்ளையின் பேரேட்டைப்போல் வரவு செலவைப் பார்ப்போம். இறங்க 2 செக்கன், ஏற 2 செக்கன், ஆக 4 செக்கன் நேரம் நூல் நூற்றுக்கு 4 பங்கு குறைத்து இழுத்தது. செக்கனில் அறுபதில் ஒரு பங்கு நேரம் ஒன்பது மடங்குக்கு மேற் கூட்டி இழுத்தது. பெருக்கிப் பார்த்தால் குறைந்ததும் கூடியதும் சரிக்குச் சரி. உச்சியிலிருந்து புறப்பட்டு மீண்டும் உச்சிக்கு வரும்வரை எடுத்த சராசரி இழுவை, யோயோவின் நிறைக்கு இம்மியும் பிசகாது சமமாயிருக்கும். இயற்கை கடன் கொடுக்கும். ஆனால் ஒரு சுற்று முடிவதற்குள் வசூலித்துவிடும்.

தேர்ந்த ஆட்டக்காரர் செய்யும் மாயமும் இந்த உதறலிலேதான் இருக்கின்றது. காற்றும் உராய்வும் சக்தியைச் சிறிது தின்றுவிடுவதால், கையை அசையாது வைத்திருந்தால் யோயோ ஒவ்வொரு முறையும் சற்றுக் கீழேயே நின்றுவிடும். ஆட்டக்காரர் அந்த உதறல் நேரத்திலே கையை ஒரு சென்றிமீற்றர் மேலே தூக்கிவிடுகின்றார். அப்போது நூலின் இழுவை பத்து மடங்கு. ஆதலால் அந்த ஒரு சென்றிமீற்றரிலே கை செய்யும் வேலை, யோயோவை 10 சென்றிமீற்றர் உயரம் தூக்கும் வேலைக்குச் சமம். வேறு வேளையிலே தூக்கினால் ஒன்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. காலமறிந்து செய்யும் உதவி என்று பெரியோர் சொல்வது இதற்கும் பொருந்தும்.

யோயோவை அடியிலே உறங்க வைக்கும் வித்தையையும் ஒரு வார்த்தையிலே கூறிவிடுவோம். பழைய யோயோவிலே நூல் அச்சோடு இறுகக் கட்டப்பட்டிருந்தது. புளோரெஸ் பரப்பிய வகையிலே நூலின் முனை அச்சைச் சுற்றி ஒரு தளர்ந்த வளையமாக மாத்திரம் இருக்கும். அடிக்கு வந்த சக்கரம் அவ்வளையத்துக்குள்ளேயே சுழன்றுகொண்டு நிற்கும். சிறிது சுண்டினால் நூல் தளர்ந்து அச்சைப் பற்றிக்கொள்ள, மேலேறும். இந்த உறக்கத்துக்குப் புவியீர்ப்பு இன்றியமையாதது. 1985 ஏப்பிரலில் டிஸ்கவரி விண்ணோடத்திலே விளையாட்டுப் பொருள்களைக் கொண்டுசென்று ஆராய்ந்தபோது, யோயோ அங்கே அழகாகப் போய் வந்தது. ஆனால் உறங்க மறுத்துவிட்டது. நூலை இழுத்துப் பிடித்திருக்க அங்கே நிறை என்பது உணரப்படாமையால், அடியை அடைந்தவுடனேயே திரும்பிவிட்டது.

மாணவர்கள் இக்கூற்றுகளை நம் வாக்கை நம்பி ஏற்கவேண்டியதில்லை. யோயோவில் இழுவையின் குறைவு நூற்றுக்கு நாலே பங்கு ஆகையால், சாதாரணத் தராசிலே அது தெரியாமற் போகலாம். பெரிதாகத் தெரியவேண்டுமானால் அடுக்களைக்குச் செல்லுங்கள். கட்டையான பூரிக்கட்டை ஒன்றை எடுத்து, அதன் தடித்த உடம்பின் இரு ஓரங்களிலும் ஒரே பக்கமாக நூலைச் சுற்றுங்கள். இரு நூல்களையும் ஒரு விற்றராசின் கொளுக்கியிலே மாட்டிக் கட்டையைக் கிடையாகப் பிடித்து விட்டுவிடுங்கள். கீழே தலையணை ஒன்று இருக்கட்டும். அம்மாவிடம் அனுமதியும் இருக்கட்டும். இங்கே அச்சும் வட்டும் ஒரே தடிப்பு. ஆகையால் கட்டை உருண்டு விழும் நேரமெல்லாம் நூலின் இழுவை நிறையில் மூன்றில் ஒரு பங்கே இருக்கும். 300 கிராம் கட்டையானால் தராசு ஏறக்குறைய 100 கிராம் காட்டவேண்டும். விழும் நேரம் அரைச் செக்கனே ஆகையால் முள்ளைக் கண்ணாற் பின்தொடர்தல் அரிது. இக்காலத்துக் கைப்பேசிகளிலே மெதுவோட்டமாகப் படம்பிடிக்கும் வசதி உண்டன்றோ? அதனைப் பயன்படுத்துங்கள்.

கட்டையின் நிறை எங்கும் போய்விடவில்லை. பூமி அதனை 300 கிராமுக்குரிய விசையோடேயே இழுத்துக்கொண்டிருக்கின்றது. ஆனால் தராசு அதனை அறியாது. தராசு அறிவது தன் கொளுக்கியிலே விழும் இழுவையை மாத்திரமே. தொங்கும் பொருள் அசைவற்று நிற்கும்போது இழுவையும் நிறையும் ஒன்றாயிருக்கின்றன. ஆகவே தராசு உண்மை பேசுகின்றது. பொருள் அசையுமானால் தராசு காட்டுவது வேறு, நிறை வேறு. யோயோ நமக்குக் கற்பிக்கும் பாடங்களுள் இதுவே தலையாயது என்போம்.

இந்தப் பாடத்தோடு இனிக் கொழுந்து மடுவத்துக்குச் செல்வோம். மலையகத்துத் தோட்டங்களிலே பெண்கள் மலையிலிருந்து இறக்கிவரும் கொழுந்து, பையோடு தராசுக் கொளுக்கியிலே மாட்டி நிறுக்கப்படுவதை நேயர்களிற் பலர் கண்டிருப்பர். பலர் அந்த வரிசையிலே நின்றுமிருப்பர். முழுப்பேரா, அரைப்பேரா என்பதையும், மேலதிகக் கிலோவுக்குக் கைக்கு வரும் காசையும் அந்த முள்ளே தீர்மானிக்கின்றது. நாட்சம்பளம் 1000 ரூபா என்று 2021இல் வர்த்தமானியிலே அறிவிக்கப்பட்ட பின்னர், எத்தனை கிலோவுக்கு முழுப்பேர் என்ற வாதம் மலைநாடெங்கும் எழுந்ததை நாம் அறிவோம். ஒரு கிலோ அங்கே சிறு தொகையன்று.

பெரும்பாலும் மழையும் இருளும் நெருக்க, வரிசையும் நீள, நிறுவை விரைந்து நடைபெறும். கொளுக்கியிலே மாட்டிய பை ஆடிக்கொண்டிருக்கும். 15 கிலோ கொழுந்துப் பை ஒன்று ஊஞ்சல்போல் பக்கவாட்டில் 30 பாகை ஆடுவதாகக் கொள்வோம். பை நடுவிலே தாழ்ந்து வரும்போது கொளுக்கியின் இழுவை 19 கிலோவுக்குரியதாகும். ஓரத்திலே உயர்ந்து நிற்கும் கணத்தில் 13 கிலோவுக்குரியதாகும். 10 பாகை ஆட்டமானால் வித்தியாசம் அவ்வளவு பெரிதன்று. ஆயினும் முள் ஏறக்குறைய முக்கால் கிலோ இடைவெளிக்குள் அலைந்துகொண்டிருக்கும். இன்னொரு வகை ஆட்டமும் உண்டு. பையைக் கொளுக்கியிலே மாட்டிக் கையைச் சட்டென்று எடுத்துவிட்டால், விற்றராசின் சுருள்வில் நிறைக்கு ஏற்ற அளவையும் கடந்து நீளும். கொள்கையளவிலே 15 கிலோப் பை ஒரு கணம் 30 கிலோ வரை காட்டிவிட்டு, மறுகணம் பூச்சியத்தை நோக்கி ஓடும். செக்கனுக்கு ஓரிரு முறை இவ்வாறு மேலும் கீழும் துள்ளித் துள்ளி, உராய்வினால் அடங்கி, இறுதியிலே 15இல் வந்து நிற்கும். யோயோவின் பேரேட்டைப்போல இங்கேயும் துள்ளலின் சராசரி சரியான நிறையே. ஆனால் ஓடும் முள்ளின் சராசரியைக் கண்ணால் எடுக்க வல்லவர் யார்? பையின் அடி தரையையோ, பக்கத்தில் நிற்பவரின் முழங்காலையோ தொட்டுக்கொண்டிருந்தால் அதுவும் ஒரு பங்கு பாரத்தைத் தாங்கிவிடும். அப்போது முள் ஆடாமல் நின்றாலுங்கூடக் குறைத்தே காட்டும்.

முள் ஆடும்போது வாசித்தால் யாருக்கு இலாபம் என்று எவராலும் கூற முடியாது. சில வேளை தோட்டத்துக்கு, சில வேளை கொழுந்து பறித்தவருக்கு. வாசிப்பவர் எந்தக் கணத்திலே வாசிக்கின்றார் என்பதிலேயே எல்லாம் தங்கியுள்ளது. நம் கருத்திலே ஆபத்தும் அங்கேதான் இருக்கின்றது. எழுதும் கையிலே பென்சிலும் நிற்கும் கையிலே பொறுமையின்மையும் இருக்கும்போது, கணத்தைத் தெரிந்தெடுக்கும் உரிமை எப்போதும் எழுதுபவருக்கே வாய்க்கின்றது. "முள் நிற்கட்டும் ஐயா, பிறகு எழுதுங்கள்" என்று ஒரு தாய் கேட்பாளாயின் அது வாயாடித்தனமன்று. நியூட்டனின் இரண்டாம் விதியை அவள் எடுத்துரைக்கின்றாள். ஐந்தாறு செக்கன் பொறுப்பதினால் எந்தத் தொழிற்சாலையின் கொழுந்தும் வாடிவிடப் போவதில்லை. பைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழிக்கப்படும் கிலோ பற்றிய முறைப்பாடுகள் வேறு. அவை பௌதிகத்தைச் சேர்ந்தவையல்ல. அவற்றுக்கு யோயோவிடம் விடை இல்லை.

முள் நின்ற பின்னரும் விற்றராசு ஒரு சிறு குறும்பு செய்யக்கூடும். பூமியின் ஈர்ப்பு எங்கும் ஒரே அளவினதன்று. இலண்டனிலே அது நம் நாட்டிலும் சற்று அதிகம்; பூமத்திய ரேகையை அண்மிய, அதுவும் மலைமேல் உள்ள ஊர்களிலே சற்றுக் குறைவு. இலண்டனிலே குறியிடப்பட்ட ஒரு விற்றராசை அப்படியே கொண்டுவந்து எல்கடுவ மலையிலே தொங்கவிட்டால், 20 கிலோவுக்கு ஏறக்குறைய 70 கிராம் குறைத்துக் காட்டும். இறாத்தற் கணக்கு நிலவிய பழங்காலத்திலே கப்பலில் வந்திறங்கிய தராசுகளை இங்கே படிக்கற்களைக் கொண்டு சரிபார்த்திராவிடில், அந்த 70 கிராம் எத்தனை கூடைகளிலே குறைந்து போயிருக்கும்! இரு தட்டுத் தராசுக்கு இக்குறை இல்லை. ஈர்ப்புக் குறைந்தால் கொழுந்துக்கும் குறையும், படிக்கல்லுக்கும் குறையும். தட்டுகள் சமமாகவே நிற்கும்.

ஈர்ப்பே உணரப்படாத விண்வெளியிலே நிறுப்பது எவ்வாறு? அங்கே எந்தத் தராசைத் தொங்கவிட்டாலும் முள் பூச்சியத்திலேயே நிற்கும். ஆயினும் வீரர்களின் உடல் மெலிகின்றதா என்பதை வைத்தியர்கள் அறிந்தாக வேண்டும். 1973இல் ஏவப்பட்ட ஸ்கைலாப் நிலையத்திலே இதற்கென ஓர் ஆசனம் வைத்திருந்தார்கள். அதனைச் சுருள்விற்களோடு பிணைத்து, வீரரை அதில் அமர்த்தி, முன்னும் பின்னும் ஆடவிட்டார்கள். திணிவு கூடியவர் மெதுவாக ஆடுவார். குறைந்தவர் விரைந்து ஆடுவார். ஓர் ஆட்டத்துக்குச் செல்லும் நேரத்தை அளந்து, அதிலிருந்து திணிவைக் கணித்தார்கள். மடுவத்திலே நம்மை ஏமாற்றும் அதே ஆட்டம், அங்கே அளவு கூறும் சாட்சியாக நிற்கின்றது.